எந்திரன் எந்தத் தெருக்காரன்?

மனித உடம்பும் இயந்திரமும் ஒன்று கலப்பதைப் பற்றிய கலைக்கு மேற்கில் ஒரு வரலாறு உண்டு. ஆஸ்திரேலிய நிகழ்த்துகலைஞர் ஸ்டெலார்க் 1980இல் தன் வலது கையோடு மூன்றாவதாக ஒரு இயந்திரக் கையைப் பூட்டிக்கொண்டு நிகழ்ச்சி நடத்தினார். அமெரிக்கப் பெண்ணியர் டோனா ஹாராவே 1985இல் எழுதிய அறிக்கையில், பாதி உயிரும் பாதி இயந்திரமுமான 'சைபார்க்' ஆண்/பெண், இயற்கை/செயற்கை என்கிற பழைய எல்லைகளைக் கலைத்துப்போடும் என்று வாதிட்டார். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஒரு கேள்விதான் எழுகிறது. தொட்டால் தீட்டு, எதிரில் வந்தால் தீட்டு என்று உடம்பை வைத்தே ஊரையும் சேரியையும் பிரித்திருக்கிற நாட்டில், இயந்திரத்தோடு கலக்கிற உடம்பு யாருடைய உடம்பு?

இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பதென்றால் ஸ்ரீரங்கத்திலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் இயந்திர உடம்பைக் கதையாக்கி வீடு வீடாகக் கொண்டுசேர்த்தவர் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் பங்குகொண்டவர். சும்மா சொல்லக்கூடாது, கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்கும் அது என்ன ஏது என்று எளிய தமிழில் சொன்னவர் அவர். நூலகத்தில் அவரைப் படித்துத்தான் எங்கள் தலைமுறையில் பலர் விஞ்ஞானத்தின் மேல் ஆசை வைத்தோம். அந்தப் பங்களிப்பை மறுக்க வேண்டியதில்லை. அதற்காக அவருடைய பிரதியை நாம் நின்று வாசிக்கும் இடத்தை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்த நாவல். இருபத்தோராம் நூற்றாண்டில் ஜீவா என்கிற சர்வாதிகாரியின் ஆட்சி. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். ஜீனோ என்கிற இயந்திர நாய் பேசுகிறது, புத்தகம் படிக்கிறது, கிண்டல் பண்ணுகிறது, எஜமானர்களைவிடத் தெளிவாக யோசிக்கிறது. வாசகர்கள் ஜீனோவைக் கொண்டாடினார்கள். நான் கேட்பது வேறு. பெயரை இரண்டெழுத்தாகக் கத்தரித்தால் சாதி உதிர்ந்துவிடுமா? எந்தப் போராட்டத்தில், யார் ரத்தம் சிந்தி அது போனது என்று நாவல் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. சாதியை ஒரு சுமையாக உடம்பில் உணராதவர்களுக்கு, எதிர்காலம் என்று எழுதினாலே சாதி தானாகக் காணாமல் போய்விடுகிறது.

ஆனால் காணாமல் போனது வேறு வழியில் திரும்பி வரும். அதற்குச் சாட்சி 2010இல் வந்த 'எந்திரன்'. ஷங்கர் இயக்கிய படம். வசனத்தில் பங்களித்த சுஜாதா படம் வருவதற்கு முன்பே, 2008இல், மறைந்துவிட்டார். விஞ்ஞானி வசீகரன் தன் உருவத்திலேயே சிட்டி என்கிற ரோபோவைச் செய்கிறான். சிட்டி சமைக்கிறது, சண்டை போடுகிறது, சொன்ன வேலையைச் சொன்ன நொடியில் முடிக்கிறது. அதுவரைக்கும் அது செல்லப்பிள்ளை. சனா படிப்பதற்கு இடைஞ்சலாக ஒலிபெருக்கி அலறும்போது சிட்டி போய் நிறுத்தச் சொல்கிறது. அடிக்க வந்தவர்களின் அரிவாள் கத்திகளையெல்லாம் காந்தமாக இழுத்து உடம்பெல்லாம் ஆயுதமாக அம்மனைப் போல நிற்கிறது, கூட்டம் கும்பிடுகிறது. படிப்பு ஒரு பக்கம், சத்தமும் அரிவாளும் மூட பக்தியும் இன்னொரு பக்கம். உழைக்கிற சனங்களின் தெரு இந்தப் படத்துக்கு வெறும் இரைச்சல்தான்.

படத்தின் உயிர் அடுத்த பகுதியில் இருக்கிறது. சிட்டிக்கு உணர்ச்சி வருகிறது. எஜமானன் காதலிக்கிற பெண்ணை அதுவும் காதலிக்கிறது. ராணுவத்தின் முன்னால் ஆயுதமாக நிற்க வேண்டிய நேரத்தில் காதலைப் பேசுகிறது. எஜமானன் என்ன செய்கிறான்? கோடாரியால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுகிறான். ஏவல் செய்கிற வரை வீட்டுக்குள் இடம், ஆசைப்பட்டால் வெட்டு, வெட்டிய பிறகு குப்பைமேடு. தமிழ்நாட்டில் இந்தக் கதையை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. படம் எடுத்தவர்கள் இதை நினைத்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. சிட்டிக்குச் சாதி கிடையாது, உண்மைதான். ஆனால் அடிமையின் காதலை அத்துமீறலாகப் பார்க்கிற கண் இந்தச் சமூகத்தின் கண். அந்தக் கண்ணைத்தான் கேமராவும் வைத்திருக்கிறது. காதலித்த பிறகு சிட்டி வில்லனாகிறது, பெண்ணைத் தூக்கிப் போகிறது, ஊரை அழிக்கிறது. நம் பையன்களைப் பற்றி 'நாடகக் காதல்' என்று மேடை போட்டுப் பேசியவர்களின் கதையாடலும் இதே வரிசையில்தான் போகிறது.

ஆனாலும் படத்தின் முடிவு வேறொன்றைச் சொல்லிவிடுகிறது. நீதிமன்றம் கலைக்கச் சொல்ல, சிட்டி தன் கையாலேயே தன் உறுப்புகளைக் கழற்றி வைக்கிறது. பல வருடம் கழித்து அருங்காட்சியகத்தில் ஒரு பள்ளிச் சிறுமி ஏன் என்று கேட்கும்போது, சிந்திக்க ஆரம்பித்ததுதான் காரணம் என்று பதில் சொல்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படத்தில் அடிமையின் பக்கம் நின்று பேசுகிற இடம் இது. இதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

ஜீனோவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாயை நிறுத்திப் பார்க்கிறேன். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் வருகிற கறுப்பி. அது பேசாது, படிக்காது. அதைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டு ரயிலுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு கலையில் இயந்திரமே நாயாகி மடியில் உட்காருகிறது. இன்னொரு கலையில் இயந்திரம் நாயின் மேல் ஏறிப் போகிறது. இது வெறும் கற்பனையா? 2013இல் தருமபுரி இளவரசனின் உடலும் 2015இல் கோகுல்ராஜின் உடலும் கிடந்தது ரயில் தண்டவாளத்தில்தான். உடம்பும் இயந்திரமும் சந்திக்கிற இடம் என்று மேற்கத்தியக் கலை பேசும்போது நம் கண்ணில் மூன்றாவது கை தெரிவதில்லை, தண்டவாளம்தான் தெரிகிறது.

உடம்பைக் கரைத்து ஏற்றுக்கொள்ளும் தந்திரமும் இந்த மண்ணில் பழையது. உறையூர்ப் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்று ஸ்ரீரங்கத்துப் பெருமாளைப் பாடினார். ஆற்றைத் தாண்டிக் கோயிலுக்குப் போக அந்த உடம்புக்கு உரிமை இல்லை. வழியில் நின்றார் என்று கல்லால் அடித்தவர் லோகசாரங்கர். பிறகு பெருமாள் ஆணையிட்டதால் அவரே தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார் என்பது ஐதீகம். பெருமாளின் உடம்பைப் பாதத்திலிருந்து கண் வரைக்கும் பாடிய பாணர், அங்கேயே பெருமாளோடு கலந்துவிடுகிறார். உள்ளே போனவர் வெளியே வரவில்லை. அவருடைய சனங்களும் அவர் பின்னால் உள்ளே போகவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்டது பாட்டு, உடம்பு மறைக்கப்பட்டது. அருங்காட்சியகத்தில் சிட்டியின் தலை மட்டும் பேசுவதைப் பார்த்தபோது எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருச்சி. இங்கே உடம்பு இயந்திரத்தோடு கலந்து பல காலம் ஆகிறது. பொன்மலை ரயில்வே பணிமனை, பெல் கொதிகலன் தொழிற்சாலை, துப்பாக்கித் தொழிற்சாலை என்று பெரிய இயந்திரங்கள் ஒருபுறம். இன்னொருபுறம் குடிசைகளில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டிய சனங்க. சுழலும் சாணைத் தட்டுக்கு முன்னால் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து எங்க சின்னம்மாவுக்கு முதுகு நிமிரவே இல்லை. 'கண்ணும் போச்சு, கையும் போச்சு, கல்லு மட்டும் மின்னுது' என்று அது சொல்லும். இதை எழுதிய விஞ்ஞானக் கதை ஒன்றுகூட நான் படித்ததில்லை.

நமக்கு இயந்திரத்தின் மேல் பகை கிடையாது. காந்தியாரின் இயந்திர எதிர்ப்பை அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில் கடுமையாக மறுத்தார். மனிதன் மிருகத்தைப் போல உழைப்பதிலிருந்து விடுபட்டு ஓய்வும் பண்பாடும் பெற இயந்திரம் வேண்டும் என்பது அவர் வாதம். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களின் பிரிவினை என்று 1936லேயே சொன்னவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாதி அப்படியே இருக்க இயந்திரம் மட்டும் வந்தால் என்ன ஆகும்?

மலம் அள்ளும் வேலைக்கு மனிதரை வைக்கக் கூடாது என்று 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடைக் குழியில் செத்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது உச்ச நீதிமன்றம் 2014இல். 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. செத்தால் விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தில் பார்க்கிறோமே, கையுறைகூட இல்லாத கைகள். அடுத்த வருடம் கேரளத்தில் குழிக்குள் இறங்கும் ரோபோ ஒன்று வேலைக்கு வந்தது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். அதற்கு வைத்த பெயர் 'பாண்டிகூட்'. பெருச்சாளி என்று அர்த்தம். விஞ்ஞானியின் வீட்டில் பிறந்த ரோபோவுக்குச் செல்லமாகச் சிட்டி. நம்மாளுக்குப் பதிலாகக் குழியில் இறங்குகிற ரோபோவுக்குப் பெருச்சாளி. அதை மேலே நின்று இயக்கவும் இதுவரை குழியில் இறங்கியவர்களையே பழக்குகிறார்கள். உயிர் பிழைக்கிறது, அந்த மட்டுக்கும் சரி. ஆனால் வேலை அதே தெருவில்தான் நிற்கிறது. இயந்திரத்துக்கும் சாதி ஒட்டிக்கொண்டுவிட்டது.

தமிழில் உடம்பையும் இயந்திரத்தையும் எழுதப்போகிற கலை இந்த இடத்திலிருந்து தொடங்கட்டும். பெருச்சாளி ரோபோவை இயக்குகிறவர் மாலையில் குளித்துவிட்டுத் தெருவில் நடந்து வரும்போது டீக்கடையில் அவருக்கு எந்த டம்ளர் கிடைக்கிறது என்று ஒரு கதை எழுதப்படட்டும். பட்டை தீட்டி வளைந்த முதுகை ஒருவர் வரையட்டும். விஞ்ஞானம் படிக்கிற நம் பிள்ளைகள்தான் இதை எழுத வேண்டும். சுஜாதாவையும் படித்துவிட்டே எழுதட்டும்.