இழுப்பறை திறக்கும் கை

நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை என்றால் மஞ்சள் ஏலம். குவித்துவைத்த மஞ்சளருகே குத்தவைக்கும் வியாபாரி எடுத்த எடுப்பில் விலை சொல்லிவிட மாட்டார். விரலி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவுவார். படக்கென்று ஒடிப்பார். ஒடியும் சத்தத்திலேயே காய்ச்சல் எப்படியென்று அவருக்குப் பிடிபட்டுவிடும். பிறகுதான் உள்நிறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். சிறுவயதில் அந்தக் கைகளையே வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அதனால்தானோ என்னவோ, ஒரு வீடியோ கேமில் என் மனம் முதலில் போய் ஒட்டிக்கொண்டதும் ஒரு கையில்தான்.

ஷென்மூ என்பது அதன் பெயர். 1999 டிசம்பர் 29 அன்று ஜப்பானில், செகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கருவிக்காக வெளிவந்தது. ஆக்கியவர் யூ சுசுகி. அவுட்ரன் கார் ஆட்டத்தையும் வர்ச்சுவா ஃபைட்டர் சண்டை ஆட்டத்தையும் தந்தவர். அந்தச் சண்டை ஆட்டத்தின் நாயகனை வைத்து நெடுங்கதை ஒன்று சொல்லப்போய், அது வேறொரு மரமாகவே வளர்ந்து நின்றது. கதை நமக்குப் பழக்கமானதுதான். 1986 நவம்பர் 29, யோகோசுகா நகரம். பனி விழும் ஒரு நாளில் ரியோ ஹசுகி என்ற பதினெட்டு வயதுப் பையன் வீடு திரும்புகிறான். வீட்டையொட்டிய பயிற்சிக்கூடத்தில், அவன் கண்ணெதிரே, லான் டி என்ற சீனத்தவன் அவனுடைய அப்பாவைக் கொன்றுவிட்டுப் போகிறான். பழிதீர்க்கப் புறப்படுகிறான் மகன். கதை அவ்வளவுதான். அழகெல்லாம், புறப்பட்டவன் துறைமுகம் போய்ச் சேருமுன் தன் சொந்தத் தெருக்களில் கழிக்கும் நாட்களில் இருக்கிறது.

2018-ல் இன்றைய கருவிகளுக்காக மறுபடி வெளியான பதிப்பை ஒரு விடுமுறை நாளில் போட்டுவைத்தேன். பக்கத்தில் அண்ணன் மகன். அரைமணி நேரம் பொறுத்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங் சித்தப்பா, சண்டை எப்பங்க வரும்?"

"வரும் சாமி. மொதல்ல ஊட்டைச் சுத்திப் பாப்போம்."

வாருங்கள், நீங்களும் பாருங்கள். ரியோவின் அறையில் ஒரு மேசை. அதன் இழுப்பறைகள் திறக்கின்றன. ஒவ்வொன்றும், தனித்தனியே. உள்ளே இருக்கும் பொருளை நோக்கி அவன் கை நீளும்போது ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொள்ளத் தோன்றும். விரல்கள் பொருளின் அளவுக்கேற்ப விரிந்து, பக்குவமாக மூடி, கண்ணருகே கொண்டுவருகின்றன. அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கலாம். இதில் பெரும்பாலான பொருட்களுக்குக் கதையில் வேலையே இல்லை. ஆனாலும் செதுக்கியவர்கள் அவற்றின் அடிப்பக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. தேரின் உட்புறத்து மரத்திலும் பூ செதுக்குகிற தச்சனின் மனசு இது. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று அவன் கேட்பதில்லை. குனிந்து பார்த்தவன் மட்டும் நெஞ்சு நெகிழ்ந்து நிமிர்கிறான்.

கூடத்தில் கறுப்புத் தொலைபேசி. எண்களைச் சுழற்றும் பழைய வகை. விரல் துளைக்குள் நுழைகிறது, வட்டு சுழல்கிறது, விடுபட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. அடுத்த எண். அது திரும்பும்வரை நீங்களும் காத்திருக்கவேண்டும். வாசலுக்கு வந்தால் இன்னொரு நயம். வீட்டுக்குள் நுழைகையில் ரியோ காலணியைக் கழற்றுகிறான், புறப்படும்போது மாட்டிக்கொள்கிறான். செருப்பைத் திண்ணையோரம் விட்டுவிட்டு உள்ளே வரும் நமக்கு இது சாதாரணம். வீடியோ கேம் உலகத்தில் எத்தனையோ நாயகர்கள் சேற்றுக்காலோடு அரண்மனைக்குள் ஓடுகிறார்கள். இந்தப் பையன் மட்டும் வளர்ந்த வீட்டின் தரையை மதிக்கிறான். உள்ளறையில் முன்னோர் மாடம் இருக்கிறது. விரும்பினால் அதன்முன் அமர்ந்து அப்பாவுக்காகக் கைகூப்பலாம். கைகூப்பியதற்குப் புள்ளி கிடையாது, பரிசு கிடையாது. கூப்பிய கை கூப்பியதுதான்.

காலையில் வெளியே வந்தால் வானத்தை ஒருமுறை பாருங்கள். கதை நகர நகரக் குளிர்காலம் முற்றுகிறது; கடைத்தெருவில் கிறிஸ்துமஸ் அலங்காரம் வந்து சேர்கிறது. இந்த ஆட்டத்தை ஒருமுறை முடித்தவருக்கு, மறுமுறை ஆடும்போது அதிசயமான வாசல் ஒன்று திறக்கும். அந்த ஆண்டு யோகோசுகாவில் உண்மையாகவே அடித்த வெயிலும் பெய்த மழையும் வானிலைப் பதிவின்படி, நாள் பிசகாமல், அந்தத் தெருக்களில் பெய்யும். போன மழையைத் திரும்பப் பெய்விக்கும் கலை! ஒவ்வொரு தையிலும் மஞ்சளை வேகவைத்துக் களத்தில் பரப்பிவிட்டுப் போதமலைப் பக்கம் மேகம் தெரிகிறதா என்று நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்குத்தான் இதன் அருமை முழுசாகப் புரியும். ஊர் என்பது பாதி அதன் வானம்தானே.

டோபுயிடா தெருவின் ஆட்களிடம் வருவோம். இது கற்பனைத் தெரு அல்ல. யோகோசுகாவில் அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஒட்டி, பூவேலை செய்த பளபளக்கும் ஜாக்கெட்டுகளுக்குப் பேர்போன தெருவாக இன்றும் இருக்கிறது. ஆட்டத்துக்குள் அங்கே நடமாடும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு குரல், ஒரு நாளின் ஒழுங்கு. கடைக்காரர் காலையில் கதவு திறக்கிறார், அந்தியில் சாத்துகிறார், வீட்டைப் பார்க்க நடக்கிறார். இருட்டியபின் மதுக்கடைகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. ஒருவரைச் சாயங்காலம் சந்திக்கவேண்டுமென்றால் சாயங்காலம் வரும்வரை பொழுதைப் போக்கத்தான் வேண்டும். நேரத்தைத் தள்ளிவிட ஒரு பொத்தானும் இல்லை. தானியங்கிப் பெட்டியில் காசு போட்டுக் குளிர்பானம் குடிக்கலாம். ஆட்டக்கூடத்துக்குள் போய், சுசுகி 1985-ல் செய்த ஹாங்-ஆன், ஸ்பேஸ் ஹேரியர் ஆட்டங்களை ஆடலாம். ராத்திரி ஆனதும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இனே அம்மாளுக்குக் கவலை வைக்காமல் போய்ப் படுக்கவேண்டும். அந்த அம்மாள்தான் நாள்தோறும் காலையில் ஐந்நூறு யென் கைச்செலவுக்கு வைத்துவிட்டுப் போகிறவள்.

நம்மூரின் பெயரைச் சுமந்து வாசித்த நாகஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ராக ஆலாபனைக்குப் புகழ்பெற்றவர். ஆலாபனையை ரசிக்கத் தெரிந்தவருக்கு ஷென்மூவின் மெதுநடை உறுத்தாது. பாட்டு எப்போது தொடங்கும் என்று அங்கே யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஏழு துளைகளின்மேல் விரல்கள் உலவுவதே போதுமானதாக இருக்கிறது.

சண்டை வராமலில்லை. அது வரும் விதமும் அழகு. ரியோ பயின்றது குடும்பத்து ஜுஜுட்சு. பயிற்சிக்கூடத்தின் மரத்தரையில் நின்று ஒரே அடவைத் திரும்பத் திரும்பச் செய்தால், அது மெல்ல மெல்லக் கைகூடுகிறது. கூட இருக்கும் ஃபுகு அண்ணனோடு மோதிப் பார்க்கலாம். ஆளில்லாத வண்டி நிறுத்தத்தில் தனியாகவும் பழகலாம். சிலம்பத்தில் கம்புக்கு முன்னே சுவடு பழக்கும் ஆசான் இதைப் பார்த்தால் தலையாட்டுவார். தெருவோரம் ஹாட்டாக் விற்கும் டாம், ரேடியோப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே வாழ்கிற நெடிய மனிதர், ஊரைவிட்டுப் போகுமுன் ரியோவுக்கு ஒரு சுழல் உதையைச் சொல்லிக்கொடுக்கிறார். விடைபெறுகிறவர் கையில் வேறென்ன இருந்தது கொடுக்க? பிறகு அந்த உதையை எந்தச் சண்டையில் வீசினாலும் டாமின் ஆட்டம் நினைவில் வந்துபோகும். கடைசியில் துறைமுகத்தில் எழுபது பேரை எதிர்த்து நிற்கும் பெருஞ்சண்டை வருகிறது. அதற்கு முன்னால் அதே துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, பெட்டி சுமந்து, கூலி வாங்கியவன் அவன். எந்தக் கிடங்கு எங்கே என்று நமக்கும் மனப்பாடம். பழகிய இடத்தில் விழும் அடி வேறு மாதிரி வலிக்கிறது.

ஒரு குறையும் உண்டு, செல்லக் குறை. 1986-ம் ஆண்டு வீட்டில் செகா சாட்டர்ன் கருவி ஒன்று இருக்கிறது. அது உலகுக்கு வந்ததோ 1994-ல். மழையை நாள் தவறாமல் பெய்வித்தவர்கள் இதைத் தெரியாமலா வைத்திருப்பார்கள்? குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு என்றே எனக்குப் படுகிறது.

இனி, எனக்கு மிகவும் பிரியமான இடம். யாமனோசே மேட்டில், கோயிலருகே, அட்டைப்பெட்டிக்குள் ஒரு பூனைக்குட்டி. தாயைக் கார் அடித்துவிட்டது. அப்பாவைக் கொன்றவன் போன அதே கறுப்புக் கார். மெகுமி என்ற சிறுமி குட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். ரியோ கடையில் கருவாடோ பாலோ வாங்கிவந்து கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். குனிந்து அமர்ந்து கையை நீட்டுகிறான். குட்டி முகர்ந்து பார்க்கிறது. இரண்டு அனாதைகள் பேச்சில்லாமல் ஒரு பெட்டிக்கு இருபுறமும் இருக்கிறார்கள். எலும்பை முறிக்கப் பழகிய அந்த விரல்கள் இங்கே எவ்வளவு மெதுவாக விரிகின்றன என்று மறுபடி ஒருமுறை பாருங்கள். ஆசான்கள் வாழ்நாளெல்லாம் சொல்வது இந்த அளவைத்தான்: எங்கே எவ்வளவு விசை என்று கைக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

இந்தத் தெருக்களை விட்டுவர மனமில்லாதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 2001-ல் இரண்டாம் பாகம் வந்தபின் கதை பாதியில் நின்றபோது அவர்கள் காத்திருந்தார்கள். 2015-ல் மூன்றாம் பாகத்துக்காக 69 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைக்காசு போட்டு 60 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்தார்கள். 2019-ல் அது வெளிவந்தது. காத்திருக்கச் சொல்லிக்கொடுத்ததே அந்த ஆட்டம்தானே.

அன்றிரவு அண்ணன் மகன் கையில் கருவியைக் கொடுத்தேன். சண்டைக்கு ஓடுவான் என்று நினைத்தேன். அவன் ரியோவின் மேசைக்குப் போனான். மேல் இழுப்பறையைத் திறந்தான், பார்த்தான், மூடினான். அடுத்ததைத் திறந்தான். அதில் அவனுக்கு வேண்டியது ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, யாரோ உறங்கும் வீட்டில் செய்வதுபோல, அதையும் மெல்ல மூடினான்.