விளக்குப் பலகையில் தாத்தாவின் மூக்கு

ஏ4 அளவு, பரீட்சை அட்டையின் கனம், ஓரத்தில் ஒரு தொடு பொத்தான், ஒரு யுஎஸ்பி கம்பி. லைட் பேட் என்பது இவ்வளவுதான். விளிம்பில் எல்இடி வரிசை இருக்கிறது. அந்த வெளிச்சத்தை அக்ரிலிக் தகடு பலகை முழுக்கப் பரப்புகிறது. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். படத்தை வைத்து, அதன்மேல் வெள்ளைத்தாளைப் போட்டால் கீழே உள்ளது ஊடுருவித் தெரியும். பென்சிலை ஓட்ட வேண்டியதுதான். வரையவே தெரியாதவர்களும் வீட்டுப் பெரியவர்களின் முகத்தை வரைந்து கூடத்தில் மாட்டலாம் என்று விளம்பரம் சொல்கிறது. பாதி உண்மை.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது தாத்தாவின் படம். லாலாகுடா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர், எங்கள் குடும்பத்தில் செகந்திராபாத்துக்கு முதலில் வந்தவர். அறுபதுகளில் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், கனத்த அட்டையில் ஒட்டியது. ஓரமெல்லாம் பழுப்பு.

இங்கேயே முதல் சிக்கல். அட்டை வழியே வெளிச்சம் வராது. பிற்காலத்துக் கலர் பிரிண்ட்களிலும் வராது. அந்தத் தாளில் பிளாஸ்டிக் பூச்சு உண்டு. எனவே படத்தை நகலெடுத்து, சாதா ஜெராக்ஸ் தாளில் அச்சிட்டாக வேண்டும். ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கூகுளின் ஃபோட்டோஸ்கேன் செயலி போதும். முதலில் ஒரு படம் எடுத்துவிட்டு, திரையில் தோன்றும் நான்கு புள்ளிகளுக்குப் போனை நகர்த்தச் சொல்கிறது. ஒவ்வொரு கோணத்திலும் பளபளப்பு வேறு இடத்தில் விழுவதால், எல்லாவற்றையும் சேர்த்து அதை நீக்கிவிடுகிறது. கண்ணாடிச் சட்டத்தைப் பிரிக்கப் பயமாக இருக்கும் பழைய படங்களுக்கு இது பெரிய உதவி.

பழுப்புக் கறைக்கு ஒரு வழி இருக்கிறது. படத்தைக் கணினியில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் திறந்து, சிவப்பு அலைவரிசையை மட்டும் வைத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் மஞ்சளும் பழுப்பும் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. நீல அலைவரிசையில் அதே கறை கரியாகத் தெரியும். தாத்தாவின் நெற்றியில் இருந்த பெரிய கறை இப்படித்தான் போனது.

இனி பலகை. வெளிச்சத்துக்கு மூன்று நிலைகள். 80 ஜிஎஸ்எம் தாளுக்கு நடு நிலையே போதும். 130 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாளுக்கு உச்சம் வேண்டும். வாட்டர்கலருக்கான 300 ஜிஎஸ்எம் தாளை மறந்துவிடலாம். செகந்திராபாத்தில் ஏப்ரல் மாதப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மெல்லிய தாளிலும் ஒன்றும் தெரியவில்லை. திரையை இழுத்துவிட்டதும் சரியானது. மணிக்கணக்கில் எரிந்தாலும் பலகை லேசாக வெதுவெதுப்பாவதோடு சரி. கம்பி செருகும் இடம்தான் ஆட்டம் காண்கிறது. சொந்தமாக பேட்டரி இல்லாத வகை இது. மின்சாரம் போனால் பவர் பேங்க்தான்.

வெளிக்கோடுகளை மட்டும் எடுத்து வரைந்து முடித்த படத்தை அத்தையிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மூக்கு அப்பாவோடதுதான். ஆனா ஆளு சித்தப்பா மாதிரி இருக்காரே.”

அத்தை சொன்னதில் விஷயம் இருக்கிறது. முகத்தில் உண்மையில் கோடுகள் மிகக் குறைவு. மூக்கின் பக்கவாட்டில் கோடு கிடையாது, வெளிச்சம் நிழலாக மாறும் ஒரு சரிவுதான் உண்டு. அந்தச் சரிவைக் கோடாக்கினால் முகம் இறுகிவிடுகிறது, வயதும் கூடிவிடுகிறது. ஒவ்வொரு கோடும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், ஆள் மட்டும் இருக்க மாட்டார். லைட் பேட் கோடுகளைத்தான் எளிதாகத் தருகிறது. சாயலைத் தருவது நிழல்.

ஆகவே பலகைக்குக் கோட்டுப்படம் கொடுக்காமல் நிழல் வரைபடம் கொடுக்க வேண்டும். ஜிம்பில் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிவிட்டு, போஸ்டரைஸ் என்ற வசதியில் நிலைகளை நான்காகக் குறைத்தால், முகம் முழுவதும் வெள்ளை, இரண்டு சாம்பல், கறுப்பு என நான்கே நிறத் திட்டுகளாகிவிடும். முன்கூட்டி மங்கலாக்காவிட்டால் திட்டுகள் பொடிப்பொடியாகச் சிதறும். இதை அச்சிட்டு, திட்டுகளின் எல்லையை மட்டும் லைட் பேடில் மெல்லத் தடம் எடுங்கள். இந்தியா வரைபடத்தில் மாநில எல்லை போடுவது போன்ற வேலை. எது கண், எது மூக்கு என்று யோசிக்கவே வேண்டாம். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இளஞ்சாம்பலுக்கு 2பி, அடுத்ததற்கு 4பி, கறுப்புக்கு 6பி பென்சில். வெள்ளைக்குத் தாளே போதும். எல்லைகளை விரலால் தேய்த்துக் குழப்பாமல், ஒன்றோடொன்று லேசாக இழைய விட்டால் தாத்தா வந்துவிடுகிறார். இந்த முறையில் வரைந்ததைப் பார்த்து அத்தை ஒன்றும் சொல்லவில்லை, போனில் படம் எடுத்து பூனாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பினார்.

இதற்கு எல்லாப் படங்களும் ஒத்துவராது. போன் ஃப்ளாஷில் எடுத்த கல்யாணப் படங்களில் முகம் தட்டையாக வெளுத்திருக்கும். நான்கு நிறமாகப் பிரித்தால் மீசையும் இரண்டு கண்களும்தான் மிஞ்சும். குரூப் போட்டோவில் நகத்தளவு இருக்கும் முகத்தைப் பெரிதாக்குவதும் வீண். பழைய ஸ்டூடியோ படங்கள்தான் இதற்கென்றே எடுத்தவை போல அமைகின்றன, ஏனென்றால் வெளிச்சத்தை ஒரு பக்கமிருந்து மென்மையாக வரவிடுவது அந்தத் தொழிலின் பாலபாடம். அந்த விஷயத்தில் இந்த ஊருக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் புகைப்படக்காரரான ராஜா தீன் தயாள் 1880களில் செகந்திராபாத்தில்தான் ஸ்டூடியோ வைத்தார். கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன் இந்தூரில் பொதுப்பணித் துறையில் வரைபடக்காரராக இருந்தவர் அவர்.

லைட் பேட் வேண்டாம், போனே போதும் என்பவர்களுக்காக ஏஆர் டிரேசிங் செயலிகள் இருக்கின்றன. போனை டம்ளர் மேலோ ஸ்டாண்டிலோ தாளுக்கு மேலே வைக்க வேண்டும். கேமரா காட்டும் தாளின் மேல் படம் ஆவி போல மிதக்கும். திரையைப் பார்த்துக்கொண்டே தாளில் வரைய வேண்டும். கருத்து ஒன்றும் புதிதல்ல. பட்டகக் கண்ணாடி வழியே இதே வேலையைச் செய்த கேமரா லூசிடாவுக்கு வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் 1806-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். 1833-ல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் அந்தக் கருவியோடு உட்கார்ந்த ஃபாக்ஸ் டால்பட் என்பவருக்கு வரையவே வரவில்லை. படம் தானாகவே தாளில் பதிந்துவிட்டால் என்ன என்று அவர் அங்கே யோசித்ததுதான், பிற்பாடு காகிதத்தில் புகைப்படம் அச்சிடும் முறைக்கு வழிவகுத்தது. வரையத் தெரியாத ஒருவரின் எரிச்சலில் தொடங்கிய அதே காகிதப் புகைப்படத்தை நாம் இப்போது மறுபடி பென்சிலால் வரைந்துகொண்டிருக்கிறோம்.

நான் முயன்ற இலவச செயலி அவருடைய எரிச்சலை எனக்கும் தந்தது. போன் தாளுக்கு முழு இணையாக இல்லாவிட்டால் தாடை நீண்டுவிடுகிறது. பென்சில் முனைக்கும் திரைக்கும் நடுவே ஒரு நொடித் தயக்கம். யாராவது அழைத்தால் போன் அதிர்ந்து எல்லாம் நகர்ந்துவிடுகிறது. நடுநடுவே விளம்பரம் வேறு. சுவர் அளவுக்கோ துணி மீதோ வரைபவர்களுக்கு ஒருவேளை பயன்படலாம், முகத்துக்கு வேண்டாம்.

ஒரு தட்டில் பென்சில் ஓவியமாக்கித் தரும் ஏஐ செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மங்கிய பழைய படத்தில் இல்லாத விவரத்தை அவை தாமாகவே கற்பித்து நிரப்புகின்றன. தாத்தாவுக்கு ஒரு அழகான, யாருடையதென்று தெரியாத பல்வரிசை கிடைத்தது.

காசே செலவழிக்க மனமில்லையா, கட்டம் போடுங்கள். டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் சென்னையின் சினிமா பேனர் ஓவியர்கள் கையளவு ஸ்டில்லைக் கட்டம் பிரித்துத்தான் கட்டட உயரத்துக்கு வளர்த்தார்கள். அமெரிக்க ஓவியர் சக் குளோஸுக்கு மனிதர்களை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள முடியாத குறைபாடு இருந்தது. அவர் புகைப்படத்தைக் கட்டமாகப் பிரித்து, கட்டம் கட்டமாக வரைந்தே உலகப் புகழ் பெற்றார். பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும்.

வாங்குவதானால் ஏ4 லைட் பேடே வாங்குங்கள். ஏ3 விலை அதிகம். வீட்டு பிரிண்டரும் தெரு ஜெராக்ஸ் கடையும் சாதாரணமாக ஏ4-ல்தான் அச்சிடுகின்றன. மிச்சப்படும் பணத்தில் பிசையும் ரப்பர் ஒன்றும் நல்ல 6பி பென்சிலும் வாங்கலாம். ஃபிரேம் கடையில் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பென்சில் பொடி கண்ணாடியில் ஒட்டும்.