குறுகிவரும் டயர்ச்சுவர்: பெரிய சக்கர மோகம் குறித்து

சிறிய உடலும் வலிய எஞ்சினும் கொண்ட, ஐரோப்பியர் ஹாட் ஹேட்ச் என்று வழங்கும் கார்களை வாங்குவோர் கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் வசதிகளில் பெரிய அலாய் சக்கரம் முன்வரிசையில் நிற்கிறது. 18 அல்லது 19 அங்குலச் சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பவரே காரின் ஓட்டத்திறனை முழுமையாகப் பெறுகிறார் என்ற நம்பிக்கையை விற்பனையாளரும் விமர்சகரும் ஒருசேர வளர்த்துவந்திருக்கின்றனர். 1976இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ வெளிவந்தபோது அதன் சக்கரம் 13 அங்குலமாக இருந்தது; எட்டாம் தலைமுறை ஜிடிஐக்கு 19 அங்குலச் சக்கரத்தையே கேட்டு வாங்கலாம். இடைப்பட்ட காலத்தில் காரின் உடல் பருத்து, எடை கூடி, வேகமும் மிகுந்தது உண்மையே எனினும், சக்கரத்தின் வளர்ச்சி அத்தேவைகளை எப்போதோ தாண்டிவிட்டது.

பெரிய சக்கரத்தை ஆதரிப்போர் கூறுவனவற்றுள் இரண்டு மறுக்க இயலாதவை. வேகம் மிகுந்த காரை நிறுத்தப் பெரிய பிரேக் டிஸ்க் தேவை. அதற்கு இடம்தர ரிம்மும் அதற்கேற்ப விரிய வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்திலேயே காரின் முகம் திரும்பும் கூர்மை, உயரம் குறைந்த டயரில் கூடுதலாகக் கிடைக்கிறது என்பதும் சரியே. இவ்விரண்டையும் ஏற்றபின் எஞ்சுவது தோற்றப் பொலிவு ஒன்றுதான்.

இந்தப் பொலிவுக்குக் கொடுக்கப்படும் விலையை அறிய, டயரின்மேல் பொறிக்கப்பட்ட எண்களைப் பார்த்தாலே போதும். 205/55 ஆர்16 என்ற குறியீட்டில் 205 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலத்தையும், 55 என்பது அவ்வகலத்தில் டயரின் பக்கச்சுவர் எத்தனை சதவீத உயரம் கொண்டது என்பதையும், 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டத்தையும் சுட்டும். கியர் விகிதமும் வேகமானியின் கணக்கும் கெடாதிருக்க டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும் என்பதால், ரிம் வளர்கிற அளவுக்குச் சுவர் சுருங்கியாக வேண்டும். மேற்சொன்ன 16 அங்குல டயரில் ஏறத்தாழ 113 மி.மீ. உயரமுள்ள சுவர், 225/40 ஆர்18 டயரில் 90 மி.மீ. ஆகவும், 235/35 ஆர்19 டயரில் 82 மி.மீ. ஆகவும் குறைகிறது. 175/70 அளவு டயரில் ஓடிய முதல் ஜிடிஐயின் டயர்ச்சுவரோ 122 மி.மீ.க்கும் மேல் உயரம் கொண்டது.

அடிப்படைக் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. காற்றைத் தாங்கி நிற்கும் அந்தச் சுவர் காரின் முதல் வில்; சாலையின் சிறு மேடுபள்ளங்கள் இரும்புச் சுருள்வில்லையும் ஷாக் அப்சார்பரையும் எட்டுவதற்கு முன்பே அவற்றை விழுங்கிக்கொள்வது அதன் வேலை. சுவர் உயரமாக இருந்தால் சிறிய கல்லின்மேல் ஏறும்போது டயர் மட்டும் வளைந்துகொடுக்க, சக்கரம் தன் பாதையிலேயே செல்லும். சுவர் குட்டையானால் கல் ரிம்மையும் பிரேக்கையும் சேர்த்தே மேலே தூக்குகிறது. தூக்கப்பட்ட எடை மீண்டும் சாலையில் இறங்கும்வரை டயரின்மேல் விழும் பாரம் ஏறி இறங்கியபடி இருக்கும். அவ்வாறு அலையும் பாரத்தின்கீழ் டயர், நிலையான பாரத்தின்கீழ் பற்றுவதைவிடக் குறைவாகவே சாலையைப் பற்றும். எனவே ஒட்டுப்போட்ட தாரும் தேய்ந்த வளைவுகளும் நிறைந்த சாலையில் பெரிய சக்கரம் எதன் பெயரால் விற்கப்படுகிறதோ அந்தப் பிடிமானத்தையே அது குறைக்கிறது. வேறு எந்தக் குறையையும்விடக் கடுமையான குறை இது. சொகுசு குறைகிறது என்று மட்டும் எழுதும் விமர்சகர்கள், சொகுசைத் தியாகம் செய்தால் திறன் கிடைக்கும் என்ற பொய்யான பேரத்துக்குத் துணைபோகின்றனர். டயர் சாலையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை காற்றழுத்தமும் காரின் எடையுமே ஆதலால், ரிம் வளர்வதால் மட்டும் அப்பரப்பு வளர்வதும் இல்லை.

எடைக் கணக்கும் இதே திசையில்தான் செல்கிறது. சுழலும் பொருளின் நிறை அச்சிலிருந்து விலக விலக, அதைச் சுழற்றவும் நிறுத்தவும் வேண்டிய முயற்சி தூரத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ரிம்மின் வெளிவளையம் அதே எடையில் 16 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்கு விரிந்தாலே அவ்வளையத்தின் சுழற்சித் தடை சுமார் 27 சதவீதம் கூடும். விலை குறைந்த வார்ப்புச் சக்கரங்களிலோ எடையும் சேர்ந்தே கூடுகிறது.

பந்தயக் கார்களை எடுத்துக்காட்டி வாதிடுவோர், ஃபார்முலா ஒன் 2022இல் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்கு மாறியதைக் குறிப்பிடுவர். சாலைக் கார்களின் டயரோடு பந்தய டயரை நெருக்கமாக்கும் நோக்கம் அம்மாற்றத்தில் முதன்மையானது. பந்தயத் தளமோ சாதாரணச் சாலையோடு ஒப்பிட முடியாத அளவுக்குச் சமமானது. உலக ராலிப் பந்தயம் இதைவிடத் தெளிவான பாடம் தருகிறது. தார்ச்சாலையில் 18 அங்குலச் சக்கரத்தில் ஓடும் கார், சரளைப் பாதைக்கு வந்தவுடன் 15 அங்குலச் சக்கரத்துக்கு இறங்குகிறது. தளம் கரடாகும்போது அங்கே அதிகப்படுத்தப்படுவது ரப்பரும் காற்றும்தான்.

உற்பத்தியாளர்களில் ஒருவரேனும் பின்வாங்கியிருப்பது கவனத்துக்குரியது. 2017இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் 245/30 அளவு டயரை 20 அங்குலச் சக்கரத்தில் அணிந்திருந்தது. 2022இல் வந்த அடுத்த தலைமுறை, ரிம்மை 19 அங்குலமாகக் குறைத்து டயரின் அகலத்தை 265 ஆக உயர்த்தியது. 2023இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தை 7 நிமிடம் 44.881 நொடியில் சுற்றி, முன்சக்கர இயக்கக் கார்களுக்கான சாதனையைப் படைத்தது இந்தச் சிறிய சக்கரக் கார்தான். அச்சாதனையில் டயர்க் கலவைக்கும் பிற மாற்றங்களுக்கும் பங்குண்டு. ஆயினும் சக்கரத்தைச் சிறிதாக்கியதால் கார் மந்தமாகவில்லை என்பதற்கு அது போதிய சான்று.

இந்தியச் சாலையில் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. ஐரோப்பாவுக்குச் சென்ற ஹூண்டாய் ஐ20 என் 215/40 ஆர்18 டயரில் நின்றது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே தயாராகும் ஐ20 என் லைன் 195/55 ஆர்16 டயரோடு வருகிறது. எஞ்சினின் வலுவில் இரண்டும் வேறு ரகம் என்றாலும், சுவரில் கிடைத்த 21 மி.மீ. வேறுபாடு இங்குள்ள குழிகளுக்குப் பெரிய பாதுகாப்பு. அதையும் பொறுக்காமல், வாங்கிய மாதமே டயர்க் கடையில் பெரிய சக்கரத்துக்கு அப்சைஸ் செய்துகொள்வோர் பலர். குழியின் விளிம்பில் மோதும்போது குட்டைச் சுவர் ரிம்மின் உதட்டுக்கும் தார் விளிம்புக்கும் இடையே நசுங்கி, உள்ளிழைகள் அறுந்து, அந்த இடம் மட்டும் எலுமிச்சம்பழம்போல் புடைக்கும். அந்த டயரை ஒட்டுப்போட்டு மீட்க முடியாது, ரிம்மும் வளைந்திருந்தால் செலவு இரட்டிக்கும்.

பத்திரிகைகளுக்குச் சோதனைக்காக வரும் கார்கள் பெரும்பாலும் உயர்ரகப் பதிப்புகள். அவற்றில் இருப்பவை அந்தக் காருக்குக் கிடைப்பவற்றிலேயே பெரிய சக்கரங்கள். சிறிய சக்கரத்தை ஓட்டிப் பாராமலேயே பெரியதைப் பரிந்துரைக்கும் வழக்கம் இதனால் நிலைத்துவிட்டது. ஒரே காரை இரண்டு அளவுச் சக்கரங்களிலும், ஒரே கரடான சாலையில், ஒரே நாளில் ஓட்டி ஒப்பிட்டு எழுதுவது விமர்சகரின் குறைந்தபட்சக் கடமை; அது இயலாத இடத்தில், கட்டுரையின் முதல் பத்தியிலேயே டயரின் அளவை அச்சிட்டுவிட்டுத் தீர்ப்பைத் தொடங்க வேண்டும்.