‘சியாவ்’ என்னும் சொல்லும் தாயக அரசியலும்: மலாயாச் சீனர் எழுத்து குறித்த ஒரு திறனாய்வு

மலாயா, சிங்கப்பூர்ச் சீனரின் இலக்கியத்தைச் சீன இலக்கியப் பேராற்றின் கிளையாகக் கொண்டு, தாய்நாட்டில் கொந்தளிப்பு நேர்ந்தபோதெல்லாம் கிளையிலும் வெள்ளம் வந்தது என விளக்குவது நெடுநாளைய வழக்கம். 1911-ஆம் ஆண்டுப் புரட்சி, 1919-ஆம் ஆண்டு மே நான்கு இயக்கம், 1927-இல் குவோமின்டாங் கட்சி பொதுவுடைமையரை ஒடுக்கியமை, 1937-இல் மூண்ட ஜப்பானியப் போர், 1949-இன் ஆட்சிமாற்றம் என்னும் வரிசையில் இவ்விலக்கியத்தின் பாடுபொருள்களை அடுக்கிவிடவும் முடிகிறது. ஆயினும் அம்மக்கள் தம்மையும் தம் மொழியையும் சுட்டிய சொற்கள் ஏன் மாறின என்பதற்கு இவ்விளக்கம் விடை தருவதில்லை. மொழிபெயர்ப்பாளர் இடறும் இடமும் அதுவே.

‘ஹுவாசியாவ்’ என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவத் தொடங்கிய சொல். ‘ஹுவா’ சீனத்தைக் குறிக்கும். ‘சியாவ்’ அயலிடத்தில் தற்காலிகமாகத் தங்குதலைக் குறிக்கும். இதன் வரலாற்றை வாங் குங்வூ விரிவாக ஆராய்ந்துள்ளார். சொல்லின் பொருளையே மக்களின் வாழ்நிலை எனக் கொள்ளுதல் கூடாது. மலாக்காவிலும் பினாங்கிலும் தலைமுறை தலைமுறையாக வேரூன்றி, மலாய் பேசிவந்த குடும்பங்களும் ‘தங்கியிருப்போர்’ என்னும் இப்பெயருக்குள் அடக்கப்பட்டன. சீனத் தந்தைக்குப் பிறந்தவர் எங்கு வாழினும் சீனக் குடியே எனச் சிங் அரசு 1909-இல் சட்டம் இயற்றியது. அவ்வரசை வீழ்த்த முயன்ற சுன் யாட்சென்னின் இயக்கமோ 1906-லேயே சிங்கப்பூரில் கிளை அமைத்திருந்தது. இருதரப்பும் அம்மக்களைத் தமக்குரியோராகவே கருதின.

மே நான்கு இயக்கத்தின் விளைவு வேறுவகைப்பட்டது. பேச்சுமொழியை ஒட்டிய புதிய உரைநடை சிங்கப்பூர் நாளிதழ்களை எட்டியது; மலாயாச் சீனப் புத்திலக்கியத்தின் தொடக்கத்தை ஃபாங் சியூ 1919 அக்டோபரில் வைப்பதற்கு இதுவே காரணம். ஹொக்கியன், கான்டனீசு முதலிய வழக்குகளில் பாடம் நடத்திய பள்ளிகளும் ‘குவோயூ’வுக்கு, அதாவது ‘நாட்டுமொழி’க்கு, மாறத் தொடங்கின. அந்த ‘நாடு’ எது என்னும் வினா அன்று எழவில்லை.

வினா எழுந்தது 1947-இன் இறுதியில். எழுத்தாளர் யூ தாஃபூ 1938-இல் சிங்கப்பூருக்கு வந்து நாளிதழின் இலக்கியப் பகுதியை நடத்தியவர். 1945-இல் சுமத்ராவில் கொல்லப்பட்டார். போருக்காகத் தான் கா கீ தலைமையில் பெருநிதி திரட்டிய அக்காலத்தில் தாயகப் பற்றும் இலக்கியக் கடமையும் ஒன்றாகவே தோன்றின. போர் முடிந்தபின் அவ்வொருமை நிலைக்கவில்லை. மலாயாவில் இருந்துகொண்டு சீனாவையே நோக்கி எழுதும் இலக்கியம் ‘சியாவ்மின்’ இலக்கியம், தங்கல் மக்களின் இலக்கியம், எனச் சாடப்பட்டது. சட்டம் பெருமிதத்துடன் வழங்கிய அடைமொழி இங்கே வசைச்சொல்லாயிற்று. இச்சாடலில் முன்னின்ற ஜோ ரோங் சீனாவில் பிறந்தவர். பின்னர் மலாயாக் கொரில்லாப் போரில் சேர்ந்தவர். எதிர்நிலை எடுத்த ஹு யூஜி ‘நன்சியாவ்’ நாளிதழை நடத்தியவர். இதழின் பெயரிலேயே ‘சியாவ்’ அமைந்திருந்தது. ஆகவே இவ்விவாதத்தை மண்ணின் மைந்தர்க்கும் வந்தேறிகளுக்கும் இடையிலான பூசலாகச் சுருக்குதல் பொருந்தாது. பிறப்பிடம் அன்று, யாருக்காக எழுதுவது என்பதே அங்குப் பிரிகோடு. மலாயா இலக்கியத்தின் தனித்தன்மை பற்றிய இவ்வழக்கில், அப்போது ஹாங்காங்கில் இருந்த குவோ மோருவோ போன்ற சீன எழுத்தாளரின் கருத்தும் இழுத்துவரப்பட்டது. தன்னுரிமைக்கும் தாயகத்தின் ஒப்புதல் வேண்டியிருந்த முரணைக் கிளையாற்றுக் கொள்கையினர் போதிய அளவு கருதவில்லை.

1948 ஜூனில் மலாயாவில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு சீனாவில் பொதுவுடைமையர் வென்றனர். ‘நன்சியாவ்’ இதழ் 1950-இல் தடைசெய்யப்பட்டது. தாயகத்தின் வெற்றியே தாயகத்துடன் கொண்ட உறவை ஐயத்திற்கு உரியதாக்கியது. 1955-இல் பாண்டுங்கில் இந்தோனேசியாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில் இரட்டைக் குடியுரிமையைச் சீனா தானே கைவிட இசைந்தபின், ‘ஹுவாசியாவ்’ என்று தன்னை அழைத்துக்கொள்பவர் தம்மை அயல்நாட்டுக் குடி என ஒப்புக்கொள்பவராவார். ‘சியாவ்’ உதிர்ந்து, ‘சீன இனத்தவர்’ எனப் பொருள்படும் ‘ஹுவாரென்’ நிலைபெற்றது. மொழிப்பெயரும் உடன் மாறியது: தைவானில் ‘குவோயூ’ நீடிக்க, மக்கள் சீனா ‘பொதுமொழி’ என்னும் பொருளில் ‘பூதொங்குவா’ என்றது, சிங்கப்பூரும் மலேசியாவும் இனப்பெயரால் ‘ஹுவாயூ’ என்றன. மலேசியச் சீனர் எழுத்தில் ‘குவோயூ’ மலாய் மொழியைச் சுட்டலாயிற்று. 1930-களின் கட்டுரையிலும் 1960-களின் கட்டுரையிலும் இச்சொல்லை ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்ப்பவர் ஒரு மொழியை இன்னொன்றாக்கிவிடுகிறார்.

‘ஜூகுவோ’ என்னும் சொல்லின் இடர் இதனினும் நுட்பமானது. நேர்ப்பொருள் ‘முன்னோர் நாடு’. தமிழில் ‘தாயகம்’ எனப் பெயர்ப்பது இயல்பு. ஆனால் 1950-களின் நடுவில் மலாயாச் சீன எழுத்தாளர் நாட்டுப்பற்று இலக்கியம் பற்றிப் பேசியபோது அவர்கள் குறித்த நாடு மலாயா. அங்கே சீனாவை நினைவூட்டும் அடிக்குறிப்பு ஒன்றைச் சேர்ப்பது, எழுதியவர் துறந்த பற்றை அவர்மேல் மீண்டும் ஏற்றுவதாகும். அக்காலச் சூழலில் இது வெறும் சொற்பிழை அன்று. அரசு ஐயுற்ற ஒன்றை மொழிபெயர்ப்பாளரே மெய்ப்பித்துக் கொடுப்பதாகும்.

தமிழாக்கத்தில் இன்று கைக்கு எளிதாக வரும் சொல் ‘புலம்பெயர்ந்தோர்’. இவ்வாட்சி பட்டினப்பாலையிலேயே உண்டு. அங்கு அது வேற்று நாட்டிலிருந்து வந்து, கலந்து இனிது உறைவோரைச் சுட்டுகிறது. அப்பழம்பொருளில் அது ‘ஹுவாரெ’னுக்கு அணுக்கமானது, இழந்த நாட்டின் ஏக்கம் ஏறிய இன்றைய பொருளில் பெரிதும் விலகி நிற்கிறது. ‘ஹுவாசியா’வுக்கோ இரு பொருளும் ஒவ்வா, ‘அயல்தங்கு சீனர்’ போன்ற ஆக்கம் செவிக்கு இனிதன்று எனினும், திரும்பிச் செல்லுதல் என்னும் எதிர்பார்ப்பை அது இழக்காமல் காக்கிறது.