பியூஸ் போச்சு, அப்புறம்?

காரோடு சேர்த்துக் கொடுக்கிற உரிமையாளர் கையேட்டை யாரும் படிக்க வேண்டிய எழுத்தாக நினைப்பதில்லை. டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு கிடக்கும். கொஞ்ச நாளாக வெவ்வேறு கையேடுகளில் பியூஸ் பற்றிய பக்கங்களை மட்டும் அடுத்தடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் சொல்லிவைத்த மாதிரி நாலே விஷயம்தான். மூடி எங்கே இருக்கிறது. இடுக்கியால் எப்படிப் பிடுங்குவது. அதே ஆம்பியர் பியூஸையே போடுங்கள். மறுபடி போனால் சர்வீஸ் சென்டருக்கு வாருங்கள்.

நாலுமே சரியான தகவல்தான். ஆனால் மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது: ஏன் போச்சு? அதை எல்லாக் கையேடும் தாண்டிக் குதித்துவிடுகிறது. வைப்பர் ரப்பர் மாதிரி பியூஸும் தேய்ந்து போகிற பொருள், போனால் மாத்திக்கலாம் என்கிற எண்ணம்தான் படிப்பவர் மனதில் தங்குகிறது. வயசாகித் தானாகப் போகிற பியூஸும் உண்டு, ஆனால் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் அது போனதென்றால் அந்த வழியில் போகக் கூடாத அளவு கரண்ட் போயிருக்கிறது என்று அர்த்தம்.

'அதே ஆம்பியர்' என்ற கட்டளைக்குக் காரணம் சொல்லாததுதான் இதில் பெரிய குறை. பியூஸ் இருப்பது விளக்கையோ ஹாரனையோ காப்பாற்ற இல்லை, அதற்குப் போகிற ஒயரைக் காப்பாற்ற. இந்த ஒரு வரியைப் படித்தவர் 15 இருந்த இடத்தில் 20 போட யோசிப்பார். இப்போது என்ன நடக்கிறது? முன்னால் இருக்கிற இரண்டு ஃபாக் லேம்ப்பும் ஒரே 15 ஆம்பியர் பியூஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி போட்ட பல்ப் 55 வாட். 12 வோல்ட்டில் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், நிம்மதி. வெளிச்சம் போதவில்லை என்று இரண்டையும் 100 வாட் ஆக்கினால் 16.7 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் ஏறுவதால் இன்னும் கொஞ்சம் கூடும்.

15 ஆம்பியர் பியூஸ் 16.7-க்கு உடனே போகும் என்று நினைக்கிறோம். போகாது. பிளேடு பியூஸ்களின் தர அளவுப்படி, எழுதியிருக்கிற எண்ணில் 110 சதவீதம் கரண்ட் போனால் அது குறைந்தது 100 மணி நேரம் தாங்க வேண்டும். 135 சதவீதம் என்றால் 10 நிமிஷத்துக்குள் உருக வேண்டும். இரண்டு மடங்கு போனால் 5 விநாடிக்குள். நம்ம 100 வாட் பல்ப் கணக்கு 110-க்கும் 135-க்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. அதனால் பல்ப் மாத்திய அன்று எல்லாம் நன்றாக இருக்கும். சில வாரம் கழித்து நெடுஞ்சாலையில் ஒரு ராத்திரி திடீரென்று அணையும். பல்ப் மேல் யாருக்கும் சந்தேகம் வராது, 'பியூஸ் டூப்ளிகேட் போல' என்பார்கள். அடுத்து 20 வரும், அதற்கப்புறம் 30. அப்போது சூடாகிறது பியூஸ் இல்லை, அந்த மெல்லிசு ஒயர்.

பழைய வீடுகளில் பீஸ் கட்டையில் கையில் கிடைத்த செம்புக் கம்பியைச் சுற்றி 'இனிமே போகாது பாருங்க' என்று கொடுத்த பழக்கம்தான் இதுவும். சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகுவதும் இதே வகை.

எண்ணே கூட நேரடியானதில்லை. பிரிட்டிஷ் கார்களில் வந்த லூகாஸ் கண்ணாடிக்குழாய் பியூஸில் 35 என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். அமெரிக்கக் கண்ணாடிக்குழாயில் 35 என்றால் தாங்கும் அளவே 35. பழைய மோரிஸில் இதை எடுத்து அதில் போட்டால் எண் ஒன்றுதான், பாதுகாப்பு பாதி காலி. 1976-ல் லிட்டல்ஃபியூஸ் கொண்டுவந்த பிளேடு பியூஸ் இந்தக் குழப்பத்தைக் குறைத்தது. 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை என்று இருட்டிலும் அடையாளம் தெரிகிற மாதிரி நிறம் கொடுத்தது. மாத்துவது இவ்வளவு சுலபமானதால்தான் காரணம் கேட்கிற பழக்கம் விட்டுப்போனதோ என்றும் தோன்றுகிறது.

அந்தப் பக்கத்தில் இன்னும் ரெண்டு பத்தி எழுத இடம் இருக்கிறது. போன பியூஸைத் தூக்கிப் போடாமல் பாருங்கள் என்று எழுதலாம். நடுவில் மட்டும் சின்னதாக அறுந்திருந்தால் பெரும்பாலும் மெதுவாக ஏறிய சுமை. உள்ளே கருகித் தெறித்திருந்தால் நேரடி ஷார்ட். எப்போது போச்சு என்பது அதைவிட முக்கியம். சொருகின உடனேயா, சாவி திருப்பினதுமா, ரிவர்ஸ் கியர் போட்டதுமா, வேகத்தடை ஏறி இறங்கும்போதா? ரிவர்ஸில் மட்டும் போகிறதென்றால் தேட வேண்டிய ஒயர் நாலு முழம்தான். குலுங்கும்போது போகிறதென்றால் டிக்கி மூடியின் கீல் பக்கம், கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய், தகரத்தை உரசிப் போகிற ஒயர் கட்டு. எலி கடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் ஷார்ட் தேட ஒவ்வொரு பியூஸாகப் பலி கொடுப்பதில்லை. பியூஸ் இருந்த இரண்டு துளைக்கும் நடுவில் 21 வாட் பிரேக் பல்ப் ஒன்றைக் கட்டிவிடுவார்கள். முழு ஷார்ட் இருந்தாலும் அந்த பல்ப் வழியாக 2 ஆம்பியருக்கு மேல் போகாது, ஒயர் பத்திரம். அந்த வழியில் இருக்கிற கருவிகளின் இணைப்பைக் கழற்றிவிட்டு ஒயரை அங்கங்கே அசைத்துக்கொண்டே வந்தால், பல்ப் அணைகிற இடத்தில் கோளாறு. பத்து ரூபாய்ச் சமாச்சாரம். ஏர்பேக் ஒயர்களில், பெரும்பாலும் மஞ்சள் உறை போட்டிருக்கும், இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது.

மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற படமும் முழுசாக உதவாது. ஒரு பியூஸுக்கு 'டோம்' என்று பெயர் இருக்கும். அதிலேயே டிக்கி விளக்கும் ரேடியோவின் நினைவுக்கான கரண்டும் ஓடலாம், படம் அதைச் சொல்லாது. உள்விளக்கு எரியவில்லை, ரேடியோவில் வைத்த ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிட்டது என்றால் இரண்டு கோளாறு என்று நினைத்து இரண்டு இடத்தில் காசு கொடுப்போம். ஒரு பியூஸில் என்னென்ன தொங்குகிறது என்ற பட்டியல் இருந்தாலே பாதி நோய் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

கையேட்டுக்காரர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. உரிமையாளர் கையை வைத்து ஏதாவது எரிந்தால் வழக்கு அவர்கள் மேல் வரும். புதிய கார்கள் சிலவற்றில் விளக்குகளை பாடி கன்ட்ரோல் மாட்யூலே நேரடியாக இயக்குகிறது. கரண்ட் கூடினால் அதற்குள் இருக்கிற டிரான்சிஸ்டரே அணைத்துவிடும், பிடுங்கிப் பார்க்கப் பியூஸே கிடையாது. அங்கே ஸ்கேனர் இல்லாமல் ஒன்றும் ஆகாது. ஆனால் அதே காரின் சார்ஜர் சாக்கெட்டும் ஹாரனும் பெரும்பாலும் இன்னும் பழைய பிளேடு பியூஸில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கும் அதே நாலு வரிதான்.