சுண்ணாம்புக் கோடு

சடையங்குப்பம் போன்ற ஊரில் கபடிக்கு அரங்கம் வேண்டாம். கொஞ்சம் மண், கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் போதும். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், நடுவே ஒரு கோடு. அதைத் தாண்டிப் போனவன் மூச்சு விடாமல் பாடி, 30 வினாடிக்குள் திரும்ப வேண்டும். எதிரே ஏழு பேர். பாடிப் போகிறவனைவிட, கணுக்காலைப் பிடித்து விடாமல் கிடக்கிறவனைத்தான் எனக்குப் பிடிக்கும். பிடிபட்டவனின் விரல்நுனி நடுக்கோட்டில் பட்டுவிட்டால், பிடித்த அத்தனை பேரும் அவுட்!

அயர்லாந்தின் கேலிக் கால்பந்தும் மண்ணின் ஆட்டமே. டப்ளினில் 82,300 பேர் கூடும் குரோக் பார்க்கில் ஆடுகிறவர்களும் சம்பளம் வாங்குவதில்லை. பெரும்பாலும் சொந்த மாவட்டத்துக்காக ஆடுகிறார்கள். நம் மாவட்டக் கபடி அணிகளுக்கும் அப்படி ஊர் திரண்டு வர வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு நீங்களும் வாருங்கள்.