தேறலும் சரக்கும்

குடியைப் பற்றித் தமிழில் இன்று வழங்கும் சொற்களை ஒருவர் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல், பாக்கெட் எல்லாம் அளவைச் சொல்லும் சொற்கள். ஒன்றாவது ருசியைச் சொல்லவில்லை, பக்குவத்தைச் சொல்லவில்லை, எந்தத் தானியத்தில் எந்த ஊர்த் தண்ணீரில் பிறந்தது என்று சொல்லவில்லை. பொதுப் பெயர் வேண்டுமானால் 'சரக்கு' என்கிறோம். லாரியில் ஏற்றுகிற உர மூட்டைக்கும் அதே பெயர்தான். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலத்தை அடுத்த நைனார்பாளையம் போன்ற ஓர் ஊரில் கரும்பு வெட்டிவிட்டு வருகிற ஆள் மாலையில் கேட்பதும் அளவைத்தான். சென்னையில் கிளப்பில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கனவான் 'லார்ஜ்' என்று கேட்பதும் அளவைத்தான். இருவருக்கும் விலையில் பேதம் உண்டு. ரசனையில் பேதம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நம் மொழி எப்போதும் இப்படி இருந்ததில்லை. தேறல், நறவு, தோப்பி, மட்டு, பிழி, அரியல் என்று பழைய நூல்களில் எத்தனையோ பெயர்கள். இவற்றை நிகண்டுக்காரர்கள் ஒரே பொருளுடைய சொற்களாக அடுக்கி வைத்துவிட்டார்கள். நாமும் அப்படியே மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினோம். ஆனால் பாட்டுக்குள் போய்ப் பார்த்தால் அவை ஒன்றல்ல. தோப்பி வீட்டில் அரிசியைக் கொண்டு ஆக்கியது. தேறல் தெளிந்தது. 'தேறு' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. பரீட்சையில் தேறுகிறோமே, நோயிலிருந்து தேறுகிறோமே, அதே தேறுதான். கலங்கலெல்லாம் அடியில் தங்கி, மேலே தேறி நின்றது எதுவோ அது தேறல். ஒரு பானத்துக்கு இதைவிட நல்ல விமரிசனச் சொல் வேறு எந்த மொழியிலாவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நைனார்பாளையத்துக்கு வடக்கே தெரிகிற கல்வராயன் மலைகளைத் தாண்டி, பெண்ணையாற்றுக்கு அப்பால் போனால் செங்கம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் பாடுகிற நன்னனின் ஊர் அதுதான். 583 அடி கொண்ட அந்தப் பாட்டில், மலைவழியே போகிற கூத்தர்களுக்குக் குறவர் வீடுகளில் கிடைக்கும் விருந்தைப் பற்றி ஓர் இடம் வருகிறது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த தேன் தேறலைக் குடிக்கலாம். மேலே நறவும் உண்டு. விடியற்காலையில் நேற்றைய மயக்கம் தலையில் கனக்கும்போது, பலாக்கொட்டை மாவும் புளியும் மோரும் மூங்கிலரிசியும் சேர்ந்த உணவு காத்திருக்கும். அந்த மறுநாள் மயக்கத்துக்குப் புலவர் 'பழஞ்செருக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார். முதிரவைத்த பாத்திரம், பானத்தின் மூலப்பொருள், குடித்தபின் வரும் விளைவு, அதற்கு மாற்று என்று நான்கையும் சொல்லிவிட்டார். காஞ்சித் தொண்டைமானைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையோ செய்முறையையே சொல்கிறது. அரிசிக் களியை அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்து, முளைகட்டிய நெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் விளையவிட்டுப் பிழிகிறார்கள்.

சங்க காலத்திலேயே தமிழன் விஸ்கி காய்ச்சினான் என்று மேடையில் முழங்க யாராவது கிளம்பினால் அதற்கு நான் பொறுப்பில்லை. இவை புளிக்கவைத்த பானங்கள். வாலையில் இட்டு வடித்தவை அல்ல. நான் சொல்ல வருவது வேறு. முளைகட்டிய தானியம், மரத்தின் வயிற்றில் காத்திருக்கும் காலம் என்ற இந்த இரண்டையும் கவனித்துப் பாட்டில் வைக்கும் கண் நமக்கு இருந்தது. ஸ்காட்ச் விஸ்கியின் ரகசியமும் இந்த இரண்டுதான்.

பார்லியை நீரில் ஊறவைத்து முளைக்கவிடுகிறார்கள். முளை, தானியத்துக்குள் இருக்கும் மாவைச் சர்க்கரையாக மாற்றத் தொடங்கும். அந்தச் சமயம் பார்த்து உலரவைத்து முளையை நிறுத்துகிறார்கள். சில இடங்களில், மக்கிப்போன பாசியும் புல்லும் படிந்து உண்டான 'பீட்' என்ற கரிமண்ணை எரித்து அந்தப் புகையில் உலர்த்துவதுண்டு. ஐலா தீவு விஸ்கியில் நாசியைத் தாக்கும் புகை வாசனை அப்படி ஏறியதுதான். பிறகு அரைத்து, வெந்நீரில் கரைத்துச் சர்க்கரைநீரை இறக்கி, ஈஸ்ட் சேர்த்துச் சில நாள் புளிக்கவிட்டு, செம்புக் கொப்பரையில் இரண்டு முறை வடிக்கிறார்கள். இரண்டாம் வடிப்பில்தான் கை நிதானம் வேண்டும். முதலில் வருவதைத் தள்ள வேண்டும். கடைசியில் வருவதையும் தள்ள வேண்டும். நடுவில் வருவதை மட்டும் எடுக்க வேண்டும். எந்த நிமிஷத்தில் வெட்டுவது என்பதில் ஒவ்வொரு வடிசாலைக்கும் ஒரு கொள்கை. தள்ளியது வீணாவதில்லை, அடுத்த தடவை மறுபடி கொப்பரைக்குள் போகும். ஆனாலும் ஆசைப்பட்டுக் கொஞ்சம் நீட்டி எடுத்தால் எண்ணெய் நாற்றம் உள்ளே வந்துவிடும்.

இவ்வளவும் ஆன பிறகு கிடைப்பது விஸ்கி அல்ல; நிறமில்லாத ஒரு காட்டமான சாராயம். நம் மலையில் வடிப்பதற்கும் அதற்கும் அந்தக் கட்டத்தில் தூரத்து உறவு சொல்லலாம். உறவு முறிவது அடுத்த படியில். 2009-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் விதிகளின்படி, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 வருஷம் கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். நல்லவை பத்து, பன்னிரண்டு வருஷம் கிடக்கின்றன. வருஷத்துக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாகிப் போய்விடும். அதை 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். தண்ணீரும் வெறும் கருகல் சர்க்கரை நிறமும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. நிறம் சேர்க்கலாம் என்று விட்டது ஏன் என்று கேட்டால் நேரான பதில் கிடைப்பது கஷ்டம். ஸ்காட்லாந்துக்காரனும் கண்ணுக்குக் கொஞ்சம் மை தீட்டத்தான் செய்கிறான்.

இந்த நிதானம் அவர்கள் ரத்தத்தில் ஊறியது என்று நினைத்துவிடக் கூடாது. 1644-ல் வரி விதித்த நாளிலிருந்து சுமார் இருநூறு வருஷம் அந்த மலைகளில் நடந்ததும் கள்ளச்சாராயம்தான். ஓடைக்கரையில் மறைவாகக் கொப்பரை வைத்துக் காய்ச்சுவதும், வரி அதிகாரி வருகிறார் என்றால் மலைமேல் ஓடுவதும் அங்கே சகஜம். 1823-ல் சட்டத்தைத் தளர்த்தி, கட்டக்கூடிய வரியாக வைத்தார்கள். மறுவருஷம் கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் ஜார்ஜ் ஸ்மித் லைசென்ஸ் எடுத்தார். பழைய கூட்டாளிகளின் மிரட்டலுக்குப் பயந்து இடுப்பில் இரட்டைத் துப்பாக்கி செருகிக்கொண்டு நடந்தார் என்பது வரலாறு. அவர்களுடைய தேசிய கவி ராபர்ட் பர்ன்ஸ் 1786-ல் வந்த தம் முதல் தொகுதியில் ஸ்காட்லாந்துக் குடியைப் புகழ்ந்து பாடினார். 1789-ல் அவரே வரி அதிகாரியாக உத்தியோகம் ஏற்றார். குதிரை ஏறிக் கள்ளக் கொப்பரைகளைத் தேடினார். குடியின் இரண்டு பக்கத்தையும் உத்தியோக ரீதியாகவும் கவிதை ரீதியாகவும் பார்த்த மனிதர் அவர். அந்தப் பாட்டுகளில் உபதேசமும் கிடையாது, அசட்டுக் கொண்டாட்டமும் கிடையாது.

மூன்று வருஷக் கெடு எப்படி வந்தது என்பது இன்னும் சுவாரஸ்யம். முதல் மகாயுத்தத்தின்போது, ஜெர்மனியைவிடக் குடியே பெரிய சத்துரு என்று பேசினார் லாயிட் ஜார்ஜ். அடியோடு மதுவிலக்கு வந்துவிடுமோ என்று வடிசாலைக்காரர்கள் நடுங்கினார்கள். பேரம் முடிந்து 1915-ல் வந்த சட்டம், முதிராத சாராயத்தை விற்கக் கூடாது என்றது. முதலில் 2 வருஷம், பிறகு 3. குடியை வெறுத்த ஒருவரின் பிடிவாதத்தில்தான் ஸ்காட்ச் விஸ்கியின் தரம் சட்டமாயிற்று.

நம் பக்கத்திலும் அதே மனம் இருந்தது. 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார்; துணையாக இருந்தவர் கல்கி. நவீனத் தமிழ்க் கதை நடை பழகிய இடங்களில் அதுவும் ஒன்று என்பதை நம் இலக்கிய சரித்திரக்காரர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. அந்தக் கதைகளைப் பிரசாரம் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் மலைபடுகடாம் பார்க்காத ஒன்றை அவை பார்த்தன. குடிக்கிறவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை, மனைவி மேல் தாலியைத் தவிர நகை இல்லை. பழைய புலவர்களில் அந்தத் திசையில் கொஞ்சமாவது திரும்பிப் பார்த்தவர் கபிலர். இதே மாவட்டத்துத் திருக்கோவலூர் மலையமான் காரியைப் பாடும்போது, குடித்த மகிழ்ச்சியில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் சுலபம், இவனோ தெளிந்த நிலையில் கொடுக்கிறான் என்கிறார். வள்ளலை அளக்கத் தெளிவையே அளவுகோலாக வைத்தவர் அவர்.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. நைனார்பாளையம் அப்போது தென்னாற்காடு ஜில்லாவில், சேலம் எல்லைக்கு அதிகத் தூரமில்லாத ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் குடித்தால் குற்றம், இந்தப் பக்கம் குற்றமில்லை. 1948-ல் ராஜதானி முழுதும் வறண்டது. 1971-ல் திறந்து, பிறகு மூடி, 1981-ல் மறுபடி திறந்து, 1983-ல் டாஸ்மாக் பிறந்து, 2003-ல் சில்லறைக் கடைகளும் சர்க்கார் கைக்கு வந்தன. இந்தத் திறப்பிலும் மூடலிலும், குடிக்கலாமா கூடாதா என்ற கேள்வியைத் தவிர வேறு கேள்வி எழவே இல்லை. எதைக் குடிக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. 1987 முதல் கள்ளுக்குத் தடை. கடையில் 'விஸ்கி' என்று விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து எடுத்த எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் இருக்கும் கூட்டுறவு ஆலைகளைச் சுற்றிக் கரும்பு போடும் குடியானவனுக்கு அந்தப் பாகு தெரியும். அது விஸ்கி என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வருவது தெரியாது. ஐரோப்பாவில் அந்தப் பெயரில் அதை விற்க முடியாது. நம்மால் முடியாது என்பதுமில்லை. பெங்களூரின் அம்ருத் வடிசாலை, பார்லி முளையிலிருந்தே வடித்து முதிரவைத்த விஸ்கியை 2004-ல் கிளாஸ்கோ நகரத்திலேயே கொண்டுபோய் வைத்தது. பெங்களூர் உஷ்ணத்தில் தேவதைகள் வருஷத்துக்குப் பத்து சதவிகிதத்துக்கு மேல் குடித்துவிடுகின்றனவாம். நம் தேவதைகளுக்குத் தாகம் அதிகம்.

கல்வராயன் மலையில் ஊறல் போடுகிறவனுக்குத் தேவதைகளுக்கு ஒதுக்கப் பங்கேது? வெல்லம், வேலம்பட்டை, கடுக்காய் போட்ட ஊறலைப் புதரில் பேரலில் மறைத்துவைத்து, போலீஸ் வருவதற்குள் காய்ச்சி, விடிவதற்குள் கைமாற்றிவிட வேண்டும். மறைவில் நடக்கும் தொழிலில் நாள் கடத்துவது ஆபத்து. பயம் உள்ள இடத்தில் பீப்பாய்க்கு வேலை கிடையாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் அன்றாடக் கூலிகள். உடனே எல்லோரும் மலையைக் கைகாட்டினார்கள். ஆனால் கொன்றது மலையில் காய்ச்சியது அல்ல. தொழிற்சாலைகளுக்கு உரிய மெத்தனால். வெல்ல ஊறலில் அது மிகச் சொற்பமாகத்தான் உண்டாகும். இது தண்ணீர் கலந்து பாக்கெட்டில் அடைத்தது. உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும், கண் நரம்பு கெடும், பிறகு உயிர். அதை முறிக்க வைத்தியர்கள் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று, நம்புங்கள், நல்ல எத்தில் சாராயம். கண்ணாடிக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்து இருபது மணங்களைச் சொல்லும் ஸ்காட்லாந்து நிபுணனின் மூக்கும், சாராயத்தில் கலந்த மெத்தனாலைப் பிரித்துச் சொல்லாது. அங்கே அவனைக் காப்பாற்றுவது மூக்கு அல்ல. கொப்பரையிலிருந்து கடைவரை ஒவ்வொரு படியிலும் 'இது என்ன?' என்று கேட்டுப் பூட்டும் முத்திரையும் வைத்த ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் முழுவதையும் சேர்த்துத்தான் நான் ரசனை என்கிறேன்.

2008-ல் நம் சுப்ரீம் கோர்ட்டில் 'பீட்டர் ஸ்காட்' என்ற இந்திய விஸ்கியின் பெயரைப் பற்றி ஒரு வழக்கு முடிந்தது. ஸ்காட்லாந்துச் சங்கம் தோற்றது. காரணங்களில் ஒன்று, ஸ்காட்ச் வாங்குகிறவர்கள் படித்தவர்கள், பணக்காரர்கள், எதை வாங்குகிறோம் என்று அறிந்தவர்கள் என்பது. எழுத்தறியாத ஏழைக் கிராமத்தார் வாங்கும் பொருளானால் அளவுகோல் வேறாக இருக்கும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. நியாயமான பேச்சு. அந்த வேறு அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு கருணாபுரத்துக்கு யாரும் போகவில்லை.

எங்கள் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு. நம் கதைகளிலும் படங்களிலும் குடிகாரன் ஒன்று கோமாளி, அல்லது கொடுமைக்காரன், இல்லாவிட்டால் காதலில் தோற்றவன். வடிக்கிறவனைக் காணோம். வேலம்பட்டை இடிப்பவளைக் காணோம். ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே அடுப்பெரிக்கிற பையனையும், அந்த ஜீப்பில் வருகிற ஏட்டையாவையும் அவர்கள் பாஷையிலேயே ஒரு நாவலில் சந்தித்த நினைவு எனக்கு இல்லை. பர்ன்ஸைப் போல மதுவிலக்குப் போலீசிலிருந்து ஒருவரோ, ஊறல் போட்ட வீட்டிலிருந்து ஒருவரோ எழுதத் தொடங்கினால், கையெழுத்துப் பிரதியிலேயே படித்துவிட நான் தயார்.